கையில் எடுத்த யானை

அந்த மருத்துவமனைக்குப் போன் செய்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே குரலைத்தான். "சொல்லுங்க, எந்த வார்டு?" என்று கேட்கும். மறுமுனையில் அழுகை வந்தால், அழுது முடிக்கிறவரை காத்திருந்துவிட்டு, "ம், இப்பச் சொல்லுங்க" என்னும். டாக்டர்களும் துப்புரவுப் பணியாளர்களும் அந்தக் குரலுக்குரியவரை 'லைன் அக்கா' என்று கூப்பிட்டார்கள். மாடிப்படிக்கு அடியில் அவருடைய அறை. ஒரு மேசை, இணைப்புப் பலகை, இரண்டு நாற்காலி. ஜன்னல் கிடையாது. ஜன்னல் இல்லையே என்று புலம்புவது அடுத்த ஷிப்ட் பார்க்கும் தோழிதான். "உனக்குத்தான் கஷ்டம், எனக்கென்ன வந்துச்சு" என்று அக்கா சிரிப்பார். அக்காவுக்குப் பார்வை கிடையாது.

பார்வை இல்லாமல் பிறந்தவர் அல்ல. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் கண்ணில் புண் வந்தது. நாலு நாள் சொட்டு மருந்து விட்டிருந்தால் ஆறியிருக்கக்கூடிய புண். வீட்டுப் பெரியவர்கள் ஒரு பச்சிலைக்காரரிடம் கூட்டிப் போனார்கள். அவர் இலையைக் கசக்கி, வாயில் ஏதோ முணுமுணுத்து, கண்ணில் பிழிந்தார். எரிகிறது என்று பிள்ளை கத்தியபோது, "எரிஞ்சாத்தான் உள்ள இருக்கறது ஓடும்" என்றார். ஓடியது பார்வைதான். அந்த மனிதர் மேல் ஒரு வழக்கு இல்லை, ஒரு விசாரணை இல்லை. கடைசிவரை மரியாதையாகக் கும்பிடு வாங்கிக்கொண்டு, நல்ல கண்ணோடு செத்துப்போனார்.

இந்தக் கதை தெரியாமல் அக்காவிடம் வந்து உருகுகிறவர்கள் நிறைய. நோயாளியைப் பார்க்க வந்த ஒரு பெரிய மனிதர், அக்கா ஒரே மூச்சில் மூன்று இணைப்புகளைக் கொடுப்பதைப் பார்த்துவிட்டு, "ஆண்டவன் கண்ண வாங்கிக்கிட்டு ஞானத்தக் குடுத்துட்டாம்மா உனக்கு" என்றார்.

"வாங்கினது பச்சிலைக்காரருங்க. குடுத்தது யாருமில்ல, நானே உக்காந்து கத்துக்கிட்டது. நடுவுல அவரு எங்க வந்தாரு?" என்றார் அக்கா. பிறகு அதே குரலில், "உங்களுக்கு எந்த வார்டு?" என்றார்.

அவர் உட்கார்ந்து கற்றுக்கொண்ட இன்னொரு விஷயம் சதுரங்கம்.

தொலைபேசி வேலைக்குப் பயிற்சி கொடுத்த விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி காய்களின் பெயரையும் ஓட்டத்தையும் சொல்லிக்கொடுத்தாள். அதற்குமேல் அவளுக்கும் தெரியாது. மீதியைச் சொல்லிக்கொடுத்தது வானொலி. வாரம் ஒரு மாலை, நகரத்தின் பழைய சாம்பியன் ஒருவர் கால் மணி நேரம் சதுரங்கம் பேசினார். ஊரில் அவரை 'மாஸ்டர்' என்றே சொல்வார்கள். செருப்புக் கடைக்கு மேலே இருந்த சதுரங்கக் கழகத்தில் அவரிடம் படித்தவர்கள்தான் இன்று ஐந்தாறு ஊர்களில் பெரிய ஆட்டக்காரர்கள். வானொலியில் பலகையைக் காட்ட முடியாதல்லவா? அதனால் ஒவ்வொரு காயும் எங்கே நிற்கிறது, எதைக் காக்கிறது, எதை முறைக்கிறது என்று வாயாலேயே கட்டி எழுப்புவார். தான் ராணியைப் பலி கொடுத்து ஜெயித்த பழைய ஆட்டத்தை அவர் சொன்ன மாலையில், பார்வையுள்ள பலர் பாதியில் குழம்பி வானொலியை அணைத்திருப்பார்கள். விடுதிக் கட்டிலில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு ஒரு கட்டம்கூடத் தவறவில்லை. இப்படி ஒரு மாணவி தனக்கு இருப்பது மாஸ்டருக்குத் தெரியாது.

அவர் அடிக்கடி சொல்லும் வாசகம் ஒன்று: "ஒரு காயைத் தூக்குவதற்கு முன்னால், அது இப்போது நிற்கிற இடத்தில் என்ன வேலை பார்க்கிறது என்று கேளுங்கள்."

கல்யாணம் ஆனபின் பலகை சொந்தமாக வந்தது. கணவர் மரக்கடைசல் பட்டறையில் வேலை பார்ப்பவர். நாற்காலிக் கால், படிக்கட்டுக் கைப்பிடி, தொட்டில் குமிழ் எல்லாம் கடைவார். கறுப்புக் கட்டங்களைக் கொஞ்சம் மேடாகவும் வெள்ளைக் கட்டங்களைப் பள்ளமாகவும் இழைத்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு துளை போட்டார். ஒவ்வொரு காயின் அடியிலும் ஒரு முளை. கறுப்புக் காய்களின் தலையில் மட்டும் சின்ன ஆணிக் குமிழ். விரலால் தடவிப் பார்க்கும்போது காய் சரியக் கூடாது, எது யாருடையது என்றும் தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

எல்லாம் அழகாக வந்தது, குதிரை தவிர. குதிரையைக் கடைசல் இயந்திரத்தில் கடைய முடியாது, கத்தியால் செதுக்கினார்.

"ஏங்க, இது நாயாட்டம் இருக்கு" என்றார் அக்கா, தடவிப் பார்த்துவிட்டு.

"குதிரைய நேர்ல பாத்து எத்தன வருஷம் ஆச்சு. நாயத்தான் தினம் பாக்குறேன்."

"காது ஒண்ணு குறையுது."

"அது ஓடுற வேகத்துல மடங்கிக்கிச்சு."

கணவருக்குச் சதுரங்கம் தெரியாது. கற்றுக்கொள்ளச் சொன்னால், "ஓட்ட போட்டுக் குடுத்தாச்சுல்ல, அத்தோட என்ன விட்டுரு" என்பார். ஆனால் வாரம் ஒரு நாள் பட்டறை முடிந்ததும் அக்காவைக் கழகத்துக்குக் கூட்டிப் போய், மாடியில் விட்டுவிட்டு, கீழே செருப்புக் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருப்பார்.

கழகம் அக்காவை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. சந்தா வாங்கிக்கொள்வதில் யாருக்கும் தயக்கமில்லை. போட்டி என்று வந்தபோதுதான், "உங்களுக்குன்னு தனியா போட்டி நடத்தறாங்களேம்மா" என்று செயலாளர் இழுத்தார். இந்த 'உங்களுக்குன்னு தனியா' என்ற சொல் இருக்கிறதே, அதைச் சொல்கிறவர்களுக்கு அது இனிப்பாக இருக்கிறது. வாசலில் நிறுத்தப்பட்டவர்களிடம் கேட்டால்தான் அதன் ருசி தெரியும். அக்கா விடவில்லை. சேர்த்தார்கள்.

முதல் போட்டியிலேயே தகராறு. அக்காவின் விரல்கள் பலகை மேல் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படித்தான் அவர் ஆட்டத்தைப் பார்க்கிறார். எதிரே இருந்த மருந்துக் கம்பெனிக்காரர், "ராணியத் தொட்டுட்டாங்க, ராணியத்தான் ஆடணும்" என்றார். தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும் என்பது சதுரங்கத்தின் சட்டம். நடுவர், வேலையில் நில அளவையாளர். எல்லையில் நூல் பிடித்துப் பழகியவர். வந்து பார்த்தார். விரல் ராணி மேல் இருந்தது.

"தொட்டா தொட்டதுதாம்மா" என்றார்.

"சார், நான் தடவறது பாக்கறதுக்கு. இவரு இவ்வளவு நேரம் ராணியவே பாத்துக்கிட்டிருந்தாரே, பாத்ததுக்காக நகத்தச் சொன்னீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தீர்ப்பு மாறவில்லை. ராணியை ஆடினார், தோற்றார்.

பார்வையற்றவர் துளைப் பலகையில் ஆடும்போது, காய் துளையை விட்டு வெளியே வந்தால்தான் தொட்டதாகக் கணக்கு. உலகம் முழுக்க இருக்கிற விதி இது. தோழி விதிப் புத்தகத்தை வாங்கி வந்து, இணைப்புகள் ஓய்ந்த பகல்களில் வாசித்துக் காட்டினாள். அக்கா அதைக் கழகக் கமிட்டியின் முன்னால் மனப்பாடமாகச் சொன்னார். கமிட்டியில் மாஸ்டரும் இருந்தார். கெட்ட மனிதர் அல்ல. தன் ஆட்டத்தில் கண்டிப்பானவர், அந்தக் கண்டிப்பை எல்லோருக்கும் பொதுவான நியாயம் என்று நம்பிவிட்டவர்.

"விதி இருக்கட்டும்மா. காய் துளைக்குள்ள இருக்கா வெளிய வந்துச்சான்னு யார் பாக்கறது? எதிர்ல ஆடறவன் தன் ஆட்டத்தப் பாப்பானா, உன் கையப் பாப்பானா? அதுக்கு ஒரு ஆளப் போடணுமா?" என்றார் மாஸ்டர்.

"வேணாம் சார். வெளிய வந்தா நானே சொல்றேன்."

மேசையைச் சுற்றி ஒரு சின்னச் சிரிப்பு எழுந்தது. கேலியை மறைக்கக்கூட அவர்கள் சிரமப்படவில்லை. மற்றவர்களின் போட்டியில் சாட்சிக்கு ஆள் வைக்கிறார்களா என்று ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. எதிராளி எழுந்து போனபின் காயைத் தொட்டுவிட்டு, தொடாததுபோல் கையை இழுத்துக்கொண்ட ஆண்கள் அந்த மேசையிலேயே ஒன்றிரண்டு பேர் இருந்திருப்பார்கள். ஆனால் உத்தரவாதம் கேட்கப்பட்டது ஒருவரிடம்தான். கடைசியில் நில அளவையாளர்தான், "விதின்னா விதி. போட்டுருவோம்" என்று முடித்துவைத்தார். போட்டார்கள், ஒரு வருடம் பார்க்கலாம் என்ற நிபந்தனையோடு. ஒரு புகார் வந்தாலும் எடுத்துவிடுவார்களாம்.

அந்த வருடப் போட்டியில் ஜெயிக்கிறவருக்கு நகர அணியில் காலியாக இருந்த இடம் கிடைக்கும். வெளியூர் அணிகளோடு, ஒரே கூடத்தில், ஒரே மேசை வரிசையில் ஆடலாம். 'தனியா' என்ற சொல் அங்கே இல்லை. அக்காவுக்கு வேண்டியிருந்தது அதுதான். வீட்டில் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. பலகையின் நாலு மூலைகளையும் உப்புத்தாளால் தேய்த்து வைக்கும்படி கணவரிடம் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

கடைசிச் சுற்றில் எதிரே வந்து உட்கார்ந்தது மாஸ்டர். அவருக்கு டிரா போதும். அக்கா ஜெயித்தாக வேண்டும்.

இரண்டு பலகைகள். மாஸ்டரின் முன்னால் சாதாரணப் பலகை, அக்காவின் முன்னால் துளைப் பலகை. ஒருவர் ஆடியதை உரக்கச் சொல்வார், மற்றவர் தன் பலகையிலும் அதை ஆடிக்கொள்வார். பக்கத்தில் கண்ணாடி கழற்றிய ஒரு கடிகாரம், முள்ளைத் தொட்டு நேரம் பார்ப்பதற்கு. முதல் நகர்வை மாஸ்டர் சொன்னபோது அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு தடுமாற்றம். இத்தனை வருடம் ரேடியோப் பெட்டியிலிருந்து நகர்வு சொல்லிக்கொடுத்த குரல், இன்று எதிர் நாற்காலியிலிருந்து அவருக்கு எதிராகவே நகர்வு சொன்னது. அதே நிதானம், எண்ணைச் சொல்லும் முன் அதே சின்ன நிறுத்தம்.

ஆனால் குரலைத் தெரிந்து வைத்திருப்பதில் ஒரு லாபமும் உண்டு. ஆட்டத்தின் நடுவில் மாஸ்டரின் அந்த நிறுத்தம் நீள ஆரம்பித்தது. எதிர்பார்க்காத இடத்தில் அக்கா ஒரு சிப்பாயைத் தள்ளியிருந்தார். அதைத் தின்றால் ஒரு தொல்லை, விட்டால் வேறொரு தொல்லை. கொஞ்ச நேரத்தில் அக்காவுக்கு இரண்டு சிப்பாய்கள் கூடுதல். மாஸ்டரின் ராஜா மூலையில் ஒரே ஒரு வழியோடு ஒடுங்கி நின்றது.

மாஸ்டர் தன் நகர்வைச் சொல்லிவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். அவர் செருப்பின் ஓசை ஜன்னல் பக்கம் போயிற்று. தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டக்காரர்கள் ஜன்னலைத் தேடுவது எல்லாக் கழகங்களிலும் நடப்பதுதான். நடுவர், கூடத்தின் மறுகோடியில் இரண்டு பேர் கடிகாரத்துக்காகச் சண்டை போட, அங்கே நின்று தீர்த்துக்கொண்டிருந்தார். மற்ற ஆட்டங்கள் முடிந்து எல்லோரும் அந்தச் சண்டையைப் பார்க்கப் போயிருந்தார்கள்.

அக்கா முள்ளைத் தொட்டுப் பார்த்தார். நேரம் குறைவு. பின்வரிசையில் நின்ற யானையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் மூலையில் இருக்கும் ராஜாவுக்கு வழி அடைபடும் என்று பட்டது. யானையைத் துளையிலிருந்து எடுத்தார்.

எடுத்த கை காற்றில் இருக்கும்போதே, இடது கையின் விரல் யானைக்கு முன்னால் நின்ற குதிரையைத் தொட்டது. காது மடங்கிய குதிரை. அதற்கு வேறு துணை இல்லை. யானை ஒரே இடத்தில் நின்று இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தது: பின்வரிசைக்குக் காவல், குதிரைக்குத் துணை. பக்கவாட்டில் போனால் குதிரை போகும். முன்னால் ஒரு கட்டம் ஏறினால் பின்வரிசை திறந்து, மாஸ்டரின் ராணி உள்ளே வந்து ஆட்டத்தையே முடித்துவிடும். மூன்றாவது வழி யானைக்கு இல்லை.

ஆட வேண்டியது ராணி. ராணியால் ஒரு செக் சொல்லியிருந்தால், ராஜா நகர்ந்தவுடன் மாஸ்டரின் யானை அநாதையாக விழுந்திருக்கும். ஆட்டம் முடிந்திருக்கும். அணியில் இடமும் அதோடு வந்திருக்கும். இது அத்தனையும் யானை கையில் இருந்தபோதுதான் தெரிந்தது. சதுரங்கம் ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கணம் தெரியும். காய் கட்டத்தில் இருக்கும்வரை மூளை தூங்கும். கைக்கு வந்ததும் விழித்துக்கொள்ளும்.

செருப்போசை இன்னும் ஜன்னல் பக்கம்தான். யானையைத் திரும்பத் துளையில் செருகிவிட்டு, ராணியை எடுத்து, வாயால் செக் சொல்லிவிட்டால் முடிந்தது. யாரும் பார்க்கவில்லை என்பது ஒரு பார்வையற்றவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். தெரியும். ஆள் அருகில் நின்றால் ஒரு மூச்சு இருக்கும், துணியின் சரசரப்பு இருக்கும். அங்கே எதுவும் இல்லை.

அக்கா யானையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "நடுவர் சார்" என்று கூப்பிட்டார்.

நில அளவையாளர் வந்தார். பின்னாலேயே மாஸ்டரும்.

"யானைய எடுத்துட்டேன் சார். யானையத்தான் ஆடணும். சும்மா சொல்லி வைக்கறேன்."

நடுவர் அந்தக் கையைப் பார்த்தார். உள்ளங்கையில் முளை தெரிய யானை கிடந்தது. "சரிம்மா, ஆடு" என்றார்.

அக்கா பக்கவாட்டில் ஆடினார். மாஸ்டர் உட்கார்ந்து, வெகுநேரம் கழித்து, குதிரையை வெட்டுவதாகச் சொன்னார். 

அங்கேயே தோற்றிருக்க வேண்டிய ஆட்டம். ஆனால் அதன்பின் அக்கா ஆடியதைத்தான் கழகத்தில் இன்றும் போர்டில் வைத்துப் பார்க்கிறார்கள். குதிரை போன கையோடு ராணிகளை மாற்றிக்கொண்டார், பிறகு யானைகளை, பிறகு மந்திரிகளை. கூடுதலாக இருந்த சிப்பாய்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து, மாஸ்டரின் சிப்பாய்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். சண்டையைத் தீர்க்கப் போனவர்கள் எல்லோரும் இப்போது இந்த மேசையைச் சுற்றி நின்றார்கள். கடைசியில் பலகையில் அக்காவின் ராஜா, மாஸ்டரின் ராஜா, மாஸ்டரிடம் ஒற்றைக் குதிரை. ஒற்றைக் குதிரையால் எந்த ராஜாவையும் வீழ்த்த முடியாது. டிரா.

மாஸ்டருக்கு டிரா போதுமானது. இடம் அவருக்குப் போனது.

காய்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் மெதுவாகக் கேட்டார்: "நான் அங்க இல்லையேம்மா. எதுக்குச் சொன்ன?"

"நீங்க இல்லன்னா என்ன சார், நான் இருந்தேனே."

அடுத்த நாள் தோழியும் கேட்டாள், வேறு மாதிரி. "மேல ஒருத்தன் பாத்துக்கிட்டிருக்கான்னு பயமா அக்கா?"

"அவரு பாக்குறதா இருந்தா பச்சிலை பிழிஞ்ச அன்னைக்கே பாத்திருப்பாரு. கமிட்டில நான் சொல்றேன்னு சொன்னேன்டி. சொன்னேன். அவ்வளவுதான்."

"உன் இடம் போச்சே."

 ஓர் இணைப்பு வந்தது, அக்கா பிரசவ வார்டுக்குக் கொடுத்தார். பிறகு, "போச்சு" என்றார். கன்னம் நனைந்திருந்தது. தோழி கையைப் பிடித்துக்கொண்டாள்.

அணி புறப்பட்ட அன்று செயலாளர், "நல்லவேளை, அந்தம்மாவ ரயில்ல எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்" என்றாராம். தினமும் இரண்டு பஸ் மாறித் தனியாக வேலைக்குப் போய்வருகிற பெண்ணைப் பற்றிய யோசனை இது. இவர்களைப் போன்றவர்கள் திருந்துவார்கள் என்று காத்திருந்தால் காலம்தான் போகும். விதிகளை எழுதி, ஆணியடித்து மாட்ட வேண்டும். அதையும் ஒருவர் செய்தார். அந்த வாரமே நில அளவையாளர் துளைப் பலகை விதியைப் பெரிய எழுத்தில் எழுதி, கழகச் சுவரில் மாட்டினார். 'ஒரு வருடம் பார்க்கலாம்' என்ற நிபந்தனை அதில் இல்லை. யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று செயலாளர் கேட்டதற்கு, "அளந்து பாத்துட்டேன், சரியா இருக்கு" என்றாராம்.

மாஸ்டர் அணியோடு போய் ஆடிவிட்டுத் திரும்பியபின் வந்த முதல் வானொலி மாலையில், தன் புகழ்பெற்ற ஆட்டம் எதையும் எடுக்கவில்லை. வீட்டில் அக்கா மடியில் பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணவர் தரையில் உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"இன்றைக்குச் சொல்லப்போவது நான் ஜெயிக்காத ஓர் ஆட்டம்" என்று குரல் தொடங்கியது. முதல் நகர்விலிருந்து எல்லாவற்றையும் கட்டி எழுப்பியது. ஒரு கட்டத்தில் வழக்கமான நிறுத்தம் வந்தது, வழக்கத்தைவிட நீளமாக. "இந்த இடத்தில் நான் பலகைக்கு முன்னால் இல்லை. ஜன்னலில் நின்றிருந்தேன். இதன்பிறகு நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்" என்றது குரல். அக்கா சொன்னதை அப்படியே சொன்னது. துளைக் கணக்கைக் கமிட்டியில் எதிர்த்தவன் தான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னது.

நிகழ்ச்சி முடிந்ததும் கணவர் தீட்டுவதை நிறுத்தினார். "நம்ம கதையாட்டம் இருக்கு."

"நம்ம கதைதான்."

"அப்ப அன்னைக்கு நீ தோத்தியா, ஜெயிச்சியா? இன்னும் எனக்கு வெளங்கல."

"ரெண்டும் இல்லங்க."

அக்கா காய்களை அந்த இடத்துக்குத் திரும்ப அடுக்கினார். யானை பின்வரிசையில், குதிரை அதன் முன்னால், ராணி நடுவில். பலகையைக் கணவர் பக்கம் நீட்டினார். "நீங்களா இருந்தா எதத் தூக்கியிருப்பீங்க?"

கணவர் பலகையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "ராணிய."

அக்காவின் விரல் நின்றுவிட்டது. "எப்படிங்க?"

"இருக்கறதுலயே நல்லாக் கடைஞ்சது அதான். கைக்கு வாட்டமா இருக்கும்."

மூச்சு முட்டும்வரை சிரித்தார் அக்கா. மடியில் பலகை குலுங்கியது. காய்கள் ஒன்றும் துளையை விட்டு வரவில்லை.